எடைக்குப் போட்ட அளவுமானிகள்: பாலக்காடு, இடுக்கி எல்லையிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

இருப்புப் பதிவேட்டில் ஒரே ஒரு வரி. "மின் அளவுக் கருவிகள், பழையவை, பழுது. ஒரு லாட்." நேரே எடை, அடுத்து ஏலத் தொகை, கீழே மூன்று கையொப்பங்கள். கேரள, தமிழக எல்லையை ஒட்டிய ஒரு கல்வி நிறுவனத்தின் பழைய பதிவேடுகளை ஆய்வுக்காகப் புரட்டிக்கொண்டிருந்தபோது இந்த வரி கண்ணில் பட்டது. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. நம்மில் பெரும்பாலோர் படித்த அல்லது பணிபுரிந்த எந்த இடத்தின் பதிவேட்டைத் திறந்தாலும் இதே வரி வேறொரு கையெழுத்தில் இருக்கும். அந்த லாட்டுக்குள் என்னென்ன இருந்தன என்று கேட்டேன். விடை சொல்லக்கூடியவர் ஓய்வு பெற்றுப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன என்றார்கள்.

அளப்பதற்காகவே செய்யப்பட்ட கருவிகளைக் கடைசியில் நாம் எடையால் மட்டும் அளந்து அனுப்பிவைக்கிறோம். இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு என்பது எடையில் தெரிந்துவிடும். உள்ளே பாதரசம் உண்டா, ரேடியம் உண்டா, மின்தேக்கியில் ஊறியிருக்கும் எண்ணெய் எந்த எண்ணெய் என்பது எடையில் தெரியாது. அது அந்தக் கருவியின் வரலாற்றில் மட்டுமே இருக்கிறது. எப்போது செய்யப்பட்டது, எங்கே செய்யப்பட்டது, எதற்காகச் செய்யப்பட்டது என்ற மூன்று வினாக்களுக்கு விடை தெரிந்தவரே ஒரு பழைய சோதனைக் கருவியைப் பாதுகாப்பாகத் திறக்க முடியும். வரலாற்றுத் துறைக்கும் ஆய்வகப் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் நண்பர்களுக்காகவே இந்தப் பதிவு. சற்று நீளமானது, பொறுத்தருள்க.

முதலில் இந்த நிலப்பகுதியைப் பற்றி. பாலக்காடு என்றதும் நமக்கு நெல்வயலும் கணவாய்க் காற்றும் கர்நாடக இசையும் நினைவுக்கு வரும். அளவுக் கருவிகள் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் தென்னிந்தியக் கருவி வரலாற்றில் பாலக்காட்டுக்குத் தனியிடம் உண்டு. 1956 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த இந்தப் பகுதி, 1957 ஜனவரியில் கேரளத்தின் தனி மாவட்டமானது. ஆறே ஆண்டுகளில், 1963இல், டி.பி.ஜி. நம்பியார் இங்கே பிரிட்டிஷ் பிசிகல் லேபரட்டரீஸ் இந்தியா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னாளில் இந்தியக் குடும்பங்கள் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியின் முகப்பில் கண்ட பி.பி.எல். என்ற மூன்றெழுத்தின் பிறப்பு இதுதான். அந்நிறுவனத்தின் முதல் பொருள் தொலைக்காட்சி அன்று. பாதுகாப்புப் படைகளுக்கான, காற்றுப் புகாதபடி மூடி முத்திரையிட்ட துல்லியப் பலகை மீட்டர்களே அங்கு முதலில் செய்யப்பட்டன. வீட்டு வரவேற்பறைக்கு வருவதற்கு முன் அப்பெயர் கருவிப் பலகைகளில்தான் இருந்தது.

அதன் பின் கஞ்சிக்கோடு தொழிற்பகுதி வளர்ந்தது. கோட்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட இன்ஸ்ட்ருமெண்டேஷன் லிமிடெட் 1974இல் இங்கே தன் இரண்டாம் ஆலையை நிறுவி, கட்டுப்பாட்டு வால்வுகளைச் செய்தது. 1976இல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையின் பாலக்காட்டு அலகு மின்னணுத் தொலைபேசி இணைப்பகங்களைத் தயாரிப்பதற்காக அமைந்தது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1960இல், என்.எஸ்.எஸ். பொறியியல் கல்லூரி பாலக்காட்டில் தொடங்கப்பட்டிருந்தது. விக்டோரியா கல்லூரியோ பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 2015இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் வந்து சேர்ந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்னணுப் பொருளைச் செய்யும் ஆலையில் செய்யும் வேலைக்கு இணையாகச் சோதிக்கும் வேலையும் நடக்கும். தொலைபேசி இணைப்பகத்தின் ஒவ்வொரு பலகையும் சோதிக்கப்பட்ட பிறகே வெளியேறும். அலைகாட்டி, அலையியற்றி, மின்காப்புச் சோதனைக் கருவி, அளவுத்திருத்த மேசை ஆகியவை இல்லாமல் அப்படியோர் ஆலை இயங்காது. அவற்றில் பல அயல்நாட்டிலிருந்து வந்தவை. 1991க்கு முன் ஒரு கருவியை இறக்குமதி செய்ய உரிமமும் அந்நியச் செலாவணியும் வேண்டும், இரண்டுமே அரிது. ஆகவே ஒருமுறை வந்த கருவியைப் பழுது நீக்கிப் பழுது நீக்கி இருபது, முப்பது ஆண்டுகள் பயன்படுத்தினார்கள். அன்றைய தொழில்நுட்பர்களின் கைத்திறன் நம் வியப்புக்கு உரியது. அதே காரணத்தால்தான், மேலை நாடுகளில் எப்போதோ அப்புறப்படுத்தப்பட்ட வகைக் கருவிகள் நம் கிடங்குகளில் இன்னும் அடுக்கிக் கிடக்கின்றன.

இடுக்கியின் கதை வேறு வழியில் இதே இடத்துக்கு வருகிறது. அம்மாவட்டம் உருவானது 1972இல். ஆனால் அந்த மலைகளில் மின்சாரத்தின் வரலாறு அதற்கும் மூத்தது. மூணாறுக்கு அருகே முதிரப்புழை ஆற்றின் நீரைக் கொண்டு பள்ளிவாசல் மின்நிலையம் 1940இல் இயங்கத் தொடங்கியது. இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் அது. 1976இல் மூலமற்றத்தில் மலையைக் குடைந்து அமைத்த நிலத்தடி மின்நிலையம் வந்தது. ஆறு இயந்திரங்கள், மொத்தம் 780 மெகாவாட். எல்லைக்கு இந்தப்புறம், குமுளி மலையிறக்கத்தில், பெரியாற்று நீர் தமிழ்நாட்டுக்குள் இறங்கும் இடத்தில் லோயர் கேம்ப் மின்நிலையம் இருக்கிறது. நீர் அந்தப்புறத்தது, சுழலி இந்தப்புறத்தது.

மின்நிலையம் உள்ள இடத்தில் மெக்கர் இருக்கும். சிட்னி எவர்ஷெட் என்ற ஆங்கிலேயரின் நிறுவனம் 1903இல் பதிவு செய்த வணிகப் பெயர் அது. கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளேயுள்ள சிறு மின்னியற்றி சில நூறு வோல்ட் முதல் ஆயிரம் வோல்ட்டுக்கு மேலும் உண்டாக்கிக் கம்பியின் காப்பு எவ்வளவு உறுதியானது என்று காட்டும். இன்றும் மின்பணியாளர்கள் "மெக்கர் போட்டுப் பார்த்தாயா?" என்றுதான் கேட்கிறார்கள், பெயர்ச்சொல் வினையாகிவிட்டது. அதனுடன் ஏவோமீட்டர். பல கருவிகளைச் சுமந்து அலைந்து சலித்த பிரிட்டிஷ் அஞ்சல்துறைப் பொறியாளர் டொனால்டு மெக்கேடி, ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்க வகை செய்தார். 1923இல் அது சந்தைக்கு வந்தது. அதன் எட்டாம் வடிவம் 1951இல் தொடங்கி 2008 வரை உற்பத்தியில் இருந்தது. நம் இயற்பியல் ஆய்வகங்களில் கனத்த கருப்புப் பெட்டியாக அதைப் பார்த்திராதவர் குறைவு.

இனி, பெட்டிகளுக்குள் இருப்பவற்றைப் பார்ப்போம்.

இளநிலை இயற்பியல் படித்த எவரும் பொட்டென்ஷியோமீட்டர் சோதனையைச் செய்திருப்பர். அதன் பின்னணியில் நிற்கும் பெயர் எட்வர்டு வெஸ்டன். 1892இல் அவர் மாங்கனின் என்ற உலோகக் கலவையை உருவாக்கினார். வெப்பம் மாறினாலும் மின்தடை ஏறத்தாழ மாறாத கம்பி அது. அரை நூற்றாண்டு கடந்தும் தடைப் பெட்டிகள் துல்லியமாக இருப்பது அதனால்தான். மறு ஆண்டே அவர் காட்மியமும் பாதரசமும் கொண்ட வெஸ்டன் மின்கலத்தையும் தந்தார். சுமார் 1.0183 வோல்ட் என்ற நிலையான அழுத்தத்தைத் தந்த அக்கலம், 1911 முதல் பல பத்தாண்டுகள் உலகின் மின்னழுத்தச் செந்தரமாக விளங்கியது. ஆக, ஒரே மனிதரின் இரு கண்டுபிடிப்புகள் ஒரே அலமாரியில் அருகருகே இருக்கக்கூடும். ஒன்றை இன்னும் ஐம்பது ஆண்டுகள் மாணவர்களுக்குக் கொடுக்கலாம். மற்றொன்றின் கண்ணாடிக் குழல் உடைந்தால் இரண்டு நச்சு உலோகங்கள் மேசைமேல் சிந்தும். பதிவேட்டிலோ இரண்டும் "பழைய மின் கருவிகள்".

அடுத்தது மின்தேக்கி. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டால் கருவி செத்துவிட்டது என்பது பொது நம்பிக்கை. வால்வு வைத்த கருவிகளின் மின்வழங்கிப் பகுதியில் சில நூறு வோல்ட், அலைகாட்டியின் எதிர்மின்கதிர்க் குழலில் ஆயிரக்கணக்கான வோல்ட், இணைப்பைத் துண்டித்த பிறகும் தங்கியிருக்கலாம். திருப்புளியைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடுவது பழைய பட்டறை வழக்கம். கண்ணுக்கும் கைக்கும் கேடு. தகுந்த மின்தடை வழியே மெல்ல இறக்கி, மீட்டரால் அளந்து உறுதி செய்வதே முறை. அப்படி இறக்கிய பிறகும் மின்கடத்தாப் பொருளில் உறிஞ்சப்பட்ட மின்னூட்டம் மெல்ல மீண்டு வரும். ஆகவே வேலை முடியும்வரை முனைகளைக் கம்பியால் இணைத்தே வைக்க வேண்டும். எதிர்மின்கதிர்க் குழலின் உள்ளே வெற்றிடம். கழுத்து முறிந்தால் கண்ணாடி உள்நோக்கி நொறுங்கிப் பின் வெளியே தெறிக்கும்.

மின்தேக்கியின் எண்ணெய் தனிக்கதை. பி.சி.பி. என்று மின்னணு மாணவரிடம் சொன்னால் அவர் மனத்தில் தோன்றுவது பச்சை நிற மின்சுற்றுப் பலகை. வேதியியல் மாணவரிடம் சொன்னால் பல்குளோரினேற்ற பைஃபினைல். மூன்றெழுத்து ஒன்று, பொருள் இரண்டு. துறைகள் ஒன்றோடொன்று பேசாததன் விலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. 1929இல் வணிக உற்பத்திக்கு வந்த இந்த எண்ணெய் எளிதில் தீப்பிடிக்காது, மின்சாரத்தைக் கடத்தாது, கெட்டுப்போகாது. அதனால் மின்மாற்றிகளிலும் உயர் அழுத்த மின்தேக்கிகளிலும் நிரப்பினார்கள். கெடாத அந்தக் குணமே கேடாயிற்று. மண்ணிலும் நீரிலும் உடற்கொழுப்பிலும் அது தங்கிவிடுகிறது. 1968இல் ஜப்பானில் தவிட்டெண்ணெயில் இது கலந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அமெரிக்கா 1979இல் உற்பத்தியைத் தடை செய்தது. செம்புக்காகத் திறந்த வெளியில் எரித்தால் இதிலிருந்து டையாக்சின் வகை நஞ்சுகள் பிறக்கும். மின்மாற்றி எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஒரே இயந்திரத்தைப் பல மின்மாற்றிகளுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் மாசற்ற எண்ணெயிலும் இது கலந்துவிடும் என்பதால், பெயர்ப்பலகையை மட்டும் நம்பி முடிவு செய்யவும் முடியாது. சோதித்தே அறிய வேண்டும்.

ரேடியத்தின் கதை இன்னும் நுட்பமானது. இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ மீட்டர்கள் பலவற்றின் எண்களும் முள்ளும் இருளில் ஒளிர ரேடியம் கலந்த வண்ணம் பூசப்பட்டது. போருக்குப் பின் உபரிக் கருவிகள் சந்தைக்கு வந்தன. வானொலி ஆர்வலர்கள் அவற்றை விரும்பி வாங்கினர். இன்று அந்த முகப்புகள் ஒளிர்வதில்லை. ஆகவே வீரியம் போய்விட்டது என்று எண்ணுகிறோம். அணைந்தது ஒளிரும் துத்தநாக சல்ஃபைடு மட்டுமே. ரேடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1600 ஆண்டுகள். எண்பது ஆண்டு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வண்ணம் பொடியாக உதிரும் நிலையில்தான் அது மிகவும் கேடு விளைவிக்கும். முகப்புக் கண்ணாடியைத் திறந்து துடைப்பது, சுரண்டுவது இரண்டும் கூடாதவை.

இன்னும் சில உண்டு. உயர் அதிர்வெண் கருவிகளில் வெள்ளைப் பீங்கான் போலத் தோன்றும் பெரிலியம் ஆக்சைடு, முழுதாக இருக்கும்வரை தீங்கற்றது. உடைத்தால் அதன் தூசு நுரையீரலில் தீராநோய் தரும். அடுக்குத் தகடுகளாக இருக்கும் செலினிய மின்திருத்தி எரிந்தால் நாற்றத்தோடு நச்சுப் புகை வரும். பழைய இரும்புச் சட்டங்களில் காட்மிய முலாம் பூத்துப் பொடியாகியிருக்கலாம். வாயு நிரப்பிய சில மின்குழல்களில் அயனியாக்கத்தைத் தொடங்கி வைக்கச் சிறு அளவில் கதிரியக்கப் பொருள் சேர்ப்பதும் வழக்கம். இந்தப் பட்டியல் அச்சுறுத்துவதற்காக அன்று. ஒரு கிடங்கிலுள்ள நூறு கருவிகளில் பெரும்பாலானவற்றில் இவை எதுவும் இருக்காது. எதில் இருக்கும், எதில் இருக்காது என்று பிரித்தறிய ஆண்டும் மாதிரி எண்ணும் தேவை. அதைத்தான் நாம் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

தொலைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே கசப்பான சான்று ஒன்று உண்டு. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் காமாக் கதிர் வீச்சுக்கருவி ஒன்று இருந்தது. கனடாவிலிருந்து வந்தது, கோபால்ட்-60 கொண்டது. 1985க்குப் பிறகு அதை யாரும் பயன்படுத்தவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, 2010 பிப்ரவரியில், அது பழைய பொருள்களோடு ஏலத்தில் போயிற்று. மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தவர்களுக்கு உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாது. பலர் கதிர்வீச்சு நோய்க்கு ஆளாயினர். ஏப்ரலில் ஒருவர் உயிரிழந்தார். அது சோதனைமானி வகையைச் சேர்ந்ததன்று. ஆனால் அது கிடங்கை விட்டு வெளியேறிய பாதை நம் மீட்டர்கள் வெளியேறும் அதே பாதை. இந்தியாவின் தலைசிறந்த பல்கலைக்கழகம் ஒன்றில், வேதியியல் அறிஞர்கள் நிறைந்த துறையில் இது நடந்தது. அங்கே அறிவியல் குறைவாக இருக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டு நினைவு அறுந்துபோயிருந்தது.

பிரேசிலின் கோயானியா நகரில் 1987இல் நடந்ததும் இதன் முன்னோடியே. கைவிடப்பட்ட மருத்துவமனையொன்றின் சிகிச்சைக் கருவியை உலோகத்துக்காக எடுத்துச் சென்று உடைத்தனர். உள்ளிருந்த சீசியம்-137 இருளில் நீலமாக ஒளிர்ந்தது, அழகென்று பங்கிட்டுக்கொண்டனர். நால்வர் மாண்டனர், இருநூற்றுக்கும் மேற்பட்டோர் உடலில் கதிரியக்கம் படிந்திருந்தது.

எல்லைப்பகுதிக்கு இது எப்படிப் பொருந்தும்? பாலக்காட்டில் ஆக்ரிக் கடை என்பார்கள், கோவையில் பழைய இரும்புக் கடை, சென்னையில் காயலான் கடை. பெயர் மாறினாலும் பாதை ஒன்றே. கல்லூரிக் கிடங்கிலிருந்து ஏலம், ஏலத்திலிருந்து கடை, கடையிலிருந்து பிரிப்பவர் கை, அங்கிருந்து உருக்கும் உலை. கணவாயின் இந்தப்புறம் கோவையின் வார்ப்பாலைகள், அந்தப்புறம் கஞ்சிக்கோட்டின் எஃகு உலைகள். இரண்டுக்கும் உணவு பழைய இரும்பே. உலைக்குள் சென்றுவிட்ட கதிரியக்கத்தைத் திரும்ப அழைக்க இயலாது. 2008இல் பிரான்சில் மின்தூக்கிப் பொத்தான்களில் கோபால்ட்-60 கண்டறியப்பட்டபோது, அந்த எஃகு இந்தியாவிலிருந்து சென்றது எனத் தெரிய வந்தது. நச்சு உலோகம் கழிவாகி மண்ணில் சேர்ந்தால் என்ன நேரும் என்பதைச் சித்தூர் வட்டத்துப் பிளாச்சிமடை மக்களிடம் கேட்கலாம். அங்கிருந்த குளிர்பான ஆலையின் கழிவுச் சேறு உழவர்களுக்கு எருவாக அளிக்கப்பட்டதும், அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதாக 2003இல் வெளிவந்ததும் நாடறிந்த செய்தி. சேற்றை வயலில் கொட்டியவர்களுக்கு அதில் என்ன இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்பவருக்கே தகவல் கடைசியாகப் போய்ச் சேருகிறது. பல வேளைகளில் போய்ச் சேருவதே இல்லை.

சட்டம் என்ன செய்தது? மின்னணுக் கழிவுக்கான விதிகள் 2011இல் வந்தன, 2016இல் புதுப்பிக்கப்பட்டன. இரண்டிலும் கணினியும் தொலைபேசியும் தொலைக்காட்சியும் குளிர்பெட்டியும் இருந்தன. ஆய்வகக் கருவி இல்லை. 2022ஆம் ஆண்டு விதிகள், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தவை, மருத்துவக் கருவிகளையும் ஆய்வகக் கருவிகளையும் பட்டியலில் சேர்த்தன. பல்குளோரினேற்ற பைஃபினைலைப் பொறுத்தவரை, ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை 2006இல் ஏற்ற இந்தியா, 2016இல் ஓர் ஆணை பிறப்பித்தது. உற்பத்தியும் இறக்குமதியும் தடை செய்யப்பட்டன. பயன்பாட்டுக்கு 2025 டிசம்பர் 31 என எல்லை வகுக்கப்பட்டது. கதிரியக்கப் பொருள்களுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இருக்கிறது. ஆக, சட்டம் தாமதமாகவேனும் வந்துவிட்டது. ஆனால் சட்டம் தானாக அலமாரியைத் திறந்து பார்க்காது. "ஒரு லாட்" என்று எழுதும் பேனாவிடம்தான் அது தோற்றுப்போகிறது.

ஆகவே செய்ய வேண்டியது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். கருவியைத் திறப்பதற்கு முன் அதை வாசிக்க வேண்டும். பெயர்ப்பலகை, மாதிரி எண், தொடர் எண், அளவுத்திருத்தச் சீட்டு, மூடியின் உட்புறம் ஒட்டிய சுற்றுப்படம், யாரோ பென்சிலால் எழுதிய குறிப்பு ஆகிய அனைத்தையும் ஒளிப்படம் எடுத்துக் கொள்க. இவை வரலாற்றாளருக்கு ஆவணம், பிரிப்பவருக்கு எச்சரிக்கை. மாதிரி எண் கிடைத்தால் பயன்பாட்டுக் கையேட்டைத் தேடிப் பாகங்களின் பட்டியலைக் காண்க. பிறகு கருவிகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, திறக்கவே கூடாதவை. ஒளிர்வண்ண முகப்புடையவை, கதிரியக்கக் குறி உள்ளவை, எண்ணெய் கசியும் மின்தேக்கிகள், வெஸ்டன் கலங்கள், எதுவென்று தெரியாத மூடிய கலங்கள். இவற்றைத் தனியாக, மூடிய பைகளிலும் பெட்டிகளிலும் வைத்து, வெளியே எழுதி ஒட்டி, உரிய அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். கதிர்வீச்சு அளவி இல்லாத கல்லூரி அருகிலுள்ள பல்கலைக்கழகத்தையோ மருத்துவ இயற்பியல் பிரிவையோ நாடலாம். அபாயக் கழிவுகளுக்குக் கேரளத்தில் கொச்சி அருகே அம்பலமேட்டில் பொதுக் கழிவு மையம் இருக்கிறது.

இரண்டாம் வகை, தெரிந்தவர் துணையுடன் பிரிக்கத் தக்கவை. வால்வுக் கருவிகளும் அலைகாட்டிகளும் இதில் அடங்கும். மின்னிறக்கம் செய்து, அளந்து, பிறகே கை வைக்க வேண்டும். தனியாக வேலை செய்யக்கூடாது. கண்ணாடிக் கவசமும் கையுறையும் வேண்டும். படக்குழலைப் பிரிக்காமல் முழுதாகவே அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். தங்க முலாம் பூசிய இணைப்பிகளைக் கண்டு அமிலத்தைத் தேடும் ஆசை யாருக்கும் வரக்கூடாது. அதில் கிடைக்கும் தங்கம் அற்பம். ஆவி நுரையீரலுக்குள், எஞ்சியது சாக்கடைக்குள்.

மூன்றாம் வகை, வாழ வேண்டியவை. மாங்கனின் தடைப் பெட்டிகள், வீட்ஸ்டன் பாலங்கள், ஒளிர்வண்ணமற்ற இயங்குசுருள் மீட்டர்கள், மெக்கர்கள், ஏவோமீட்டர்கள். அச்சம் காரணமாக இவற்றையும் சேர்த்து எடைக்குப் போடுவது மற்றொரு பிழை. முள் நகரும் மீட்டரில் மாறுதலின் போக்கு கண்ணுக்குத் தெரிகிறது. எண்காட்டியில் அது தெரிவதில்லை. ஒரு பழைய மீட்டரைத் திறந்து காந்தமும் சுருளும் நுண்வில்லும் காட்டினால் மாணவர் ஒரு மணி நேரத்தில் கற்பதை ஒரு பாடநூல் அதிகாரத்தால் தர இயலாது. மீண்டும் இயக்குவதாயின் இரண்டு எச்சரிக்கைகள்: உலர்ந்துபோன மின்பகு மின்தேக்கிகளை மாற்றாமல் மின்சாரம் கொடுக்க வேண்டாம், இரு முனைச் செருகியுடன் வந்த உலோகப் பெட்டிகளுக்கு நிலத்தொடர்பு இருக்கிறதா என்று பாராமல் தொட வேண்டாம்.

கடைசியாக, இப்பதிவை எழுதத் தூண்டிய காரணம். கஞ்சிக்கோட்டின் ஆலைகளிலும் இடுக்கியின் மின்நிலையங்களிலும் இக்கருவிகளோடு முப்பது ஆண்டு வாழ்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எல்லையின் இருபுறமும், தமிழிலும் மலையாளத்திலும் இரண்டும் கலந்த மொழியிலும் பேசுகிறவர்கள். எந்தப் பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கும் என்பதை வாசனையிலேயே சொல்லக்கூடியவர்கள். எழுபதுகளில் பணியில் சேர்ந்தவர்களுக்கு இப்போது எழுபதைக் கடந்த வயது. பி.பி.எல். நிறுவனர் 2024இல் மறைந்தபோது தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றித்தான் பலரும் நினைவுகூர்ந்தோம். 1963இன் அந்தப் பலகை மீட்டரைச் செய்த கைகள் யாருடையவை என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. அக்கைகள் அறிந்ததை எழுதிவைக்க நமக்கு வாய்த்திருக்கும் காலம் சில ஆண்டுகளே.

ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் ஊரில் ஓய்வு பெற்ற தொழில்நுட்பர் ஒருவரிடம் ஒரு பிற்பகல் உட்காருங்கள். உங்கள் துறையின் கிடங்குச் சாவியைக் கேட்டு வாங்கி, தூசு படிந்த பெட்டிகளின் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்தெழுதுங்கள். திறக்க வேண்டாம், எழுதினால் போதும். அடுத்த முறை கழிவுப் பட்டியல் கையொப்பத்துக்கு வரும்போது "ஒரு லாட்" என்ற சொல்லின் இடத்தில் அந்தப் பட்டியல் இருக்கட்டும். ஆக்ரிக் கடையில் சுத்தியலை ஓங்கும் முகமறியா மனிதரின் நுரையீரலுக்கு நாம் செய்யக்கூடிய மிகச் சிறிய, மிக மலிவான உதவி அது.

அப்படிப் பட்டியல் எடுத்தவர்கள் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள். சேர்த்து வைக்கிறேன்.